வாரோசுப் பட்டினத்து வாழ்வும் உடைமையும்

சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில், இன்றைய இந்தோனேசியாவின் வடசுமத்திரா மாநிலத்தில், பாருசு என்னும் சிற்றூர் உள்ளது. அதனை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் 1873இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசித் திங்கள் என்று காலம் குறிக்கும் அக்கல்வெட்டைத் திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுவினர். கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் இதனைப் பற்றி எழுதினார். பின்னர் எ. சுப்பராயலு இதனை மீண்டும் படித்து, அதுவரை விளங்காதிருந்த பல தொடர்களுக்குப் பொருள் கண்டார். கடல் கடந்து சென்று அக்கரையில் தங்கிய தமிழ் வணிகனுக்கு எவ்வகை உடைமை இருந்தது, நிலத்தின்மேல் அவனுக்கு உரிமை ஏதும் இருந்ததா என்னும் வினாவை அக்கல்வெட்டின் சொற்களைக் கொண்டே ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்வினா வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பாருசுக் கல்வெட்டைச் சோழரின் சுமத்திரா ஆட்சிக்குச் சான்றாகக் காட்டும் வழக்கம் மேடைகளிலும் பாட நூல்களிலும் வேரூன்றிவிட்டது. கல்வெட்டோ அவ்வாறு கூறவில்லை. முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வெல்லப்பட்ட ஊர்களாக அவன் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், கடாரம் முதலியவற்றை எண்ணுகிறது. வாரோசு அப்பட்டியலில் இல்லை. 1088இல் சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் குலோத்துங்கன். அவன் பெயரும் ஆட்சியாண்டும் பாருசுக் கல்லில் இல்லை. தமிழகத்துக் கல்வெட்டுகளில் அரசன் ஆட்சியாண்டே காலக்குறிப்பாக அமைதல் பெருவழக்கு. சக ஆண்டோ கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் மிகுதியாகப் பயில்வது. ஐஞ்ஞூற்றுவரின் மூல ஊராகிய ஐயாவொளெ, வடகருநாடகத்தில் மலப்பிரபை ஆற்றங்கரையில் உள்ள இன்றைய ஐகொளெ ஆகும். சிகாரிபுரத்தில் உள்ள பதினோராம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு, இக்குழுவினர் சென்று வணிகம் செய்த நாடுகளையும் அவர்தம் சரக்குகளையும் நீண்ட புகழ்ச்சியாக விரித்துரைப்பதை எபிகிராபியா கர்நாடிகாத் தொகுதிகளைப் புரட்டியவர் அறிவர். எந்த அரசனின் ஆண்டையும் சாராத ஒரு காலக்கணக்கை அயல்மண்ணில் நின்ற வணிகர் கையாண்டது அவர்தம் நிலையை நன்கு காட்டுகிறது.

இனிக் கல்வெட்டின் சொற்களைக் காண்போம்.

வாரோசு என்பது ஊர்ப்பெயர். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கருப்பூர வகைகளை எண்ணுமிடத்து இப்பெயரையும் ஒரு வகையாகச் சுட்டுகிறார். ஊர்ப்பெயர் சரக்குப் பெயராகும் அளவிற்கு அவ்வூர்க் கருப்பூரம் தமிழகத்தில் அறியப்பட்டிருந்தது என்பது இதனால் பெறப்படும். மலாய் மொழியிலும் கருப்பூரம் இன்றும் ‘காப்பூர் பாருசு’ எனப்படுகிறது. அக்கருப்பூர மரங்கள் நின்றது கடற்கரையில் அன்று, உள்நாட்டுக் காடுகளில். காட்டையும் மரத்தையும் அறிந்தவர் பத்தாக்கு மக்கள். வணிகன் கரையிலேயே காத்திருந்தான்.

கல்வெட்டு அவ்வூரின் வேளாபுரத்தில் ஐஞ்ஞூற்றுவர் கூடியதாகக் கூறுகிறது. வேலை என்பது கடலும் கடற்கரையுமாதலின் வேளாபுரம் துறைமுகப் பகுதியைக் குறித்தது எனக் கொள்வர். அதற்கு இடப்பட்ட தமிழ்ப் பெயரின் இறுதிப் பகுதி ‘தேசி உய்யக்கொண்ட பட்டினம்’ என்பது. ஈண்டுக் ‘கொண்ட’ என்னும் சொல்லைக் கண்டு இப்பட்டினம் வணிகரால் விலைக்குக் கொள்ளப்பட்டது என்று பொருள் கூறுவாரும் இருக்கலாம். நில ஆவணங்களில் ‘விலைகொண்ட’ என்னும் வழக்கு உண்மையே. ஆயின் உய்யக்கொள்ளுதல் என்பது வேறு. பிழைக்கும்படி ஏற்றுக்கொள்ளுதல், காத்தல் என்பதே அதன் பொருள். இராசராசனின் உய்யக்கொண்டான் என்னும் விருதும், அவ்விருதால் பெயர் பெற்ற திருச்சிராப்பள்ளி உய்யக்கொண்டான் வாய்க்காலும் நினைக்கத்தக்கன. எனவே இப்பெயர் புகலிடத்தைக் குறிப்பதேயன்றிப் பட்டா உரிமையைக் குறிப்பதன்று.

அவ்விடத்தில் கூடியோர் செய்த முடிவு யாது? அத்துறைக்கு வரும் ஒவ்வொரு மரக்கலத்தின் நாயனும், படகோட்டிகள் எனக் கருதப்படும் கேவிகளும், ‘அஞ்சு துண்டாயம்’ என்னும் கட்டணத்தைக் கத்தூரியின் விலைக்கு ஏற்பப் பொன்னாகச் செலுத்திய பின்னரே பாவாடையில் ஏறலாம் என்பதே அம்முடிவு. ஐந்து என்பது அஞ்சு என வழங்கியமை 1088இல் பேச்சு வழக்கு கல்லிலும் ஏறியமைக்குச் சான்று. பாவாடை என்பது இன்று பெண்கள் உடுப்பது. அன்று பெருமக்கள் நடப்பதற்காகத் தரையில் விரிக்கப்பட்ட துணி. பாவாடையில் ஏறுதல் என்றால் குடியிருப்பிற்குள் முறைப்படி நுழைதல் என்று பொருள். கட்டணத்தைக் கத்தூரி விலையோடு இணைத்த ஏற்பாடும் கூர்மையானது. நாணயங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில் எல்லா நாட்டு வணிகரும் மதிப்பறிந்த சரக்கொன்று அளவுகோலாயிற்று.

அக்கட்டண வருவாய் யாருக்கு? ‘நம் மக்கள்’ என்னும் பொருள்படச் சுட்டப்படும் நகரசேனாபதி நாட்டுச் செட்டியார் முதலியோர்க்கு. இங்கு மகன் என்னும் உறவுப்பெயர் குருதி உறவைச் சுட்டவில்லை. வணிகக் குழுவைச் சார்ந்து நின்று அதனைக் காத்த படைத்தொழிலாளரை ஐஞ்ஞூற்றுவர் தம் மக்களாகவே அழைத்தனர். அரசன் காவாத கரையில் குழுவே தந்தையாகவும் அதன் படையாளர் மைந்தராகவும் ஆயினர். துறைக்கட்டணம் அம்மைந்தர்க்குரிய பங்காயிற்று. பாருசுத் தமிழர்க்கு இக்கல்வெட்டால் உறுதியாகும் உடைமை இது ஒன்றே: வருவார் செலுத்தும் ஆயத்தில் பங்கு. நிலம், எல்லை, வேலி, காணி, இறையிலி முதலிய சொற்களுள் ஒன்றும் அங்கு இல்லை.

இச்சொற்கள் இல்லாமையின் பொருளை உணர நாகப்பட்டினத்தை நோக்குதல் வேண்டும். அங்கு ஸ்ரீவிசய வேந்தன் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் பெரிய செப்பேடுகள் என்று பெயர் பெற்ற ஆவணம் அது. 97 வேலிக்கு மேற்பட்ட நிலம், அதற்குரிய 8,943 கலம் நெல்லும் சில்லறையும், நான்கு எல்லைகள், பிடியானை சுற்றி நடந்து எல்லை குறித்த செய்தி ஆகிய யாவும் அதில் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன. பின்னர் 1090இல், கடாரத்து அரசனின் தூதர் வேண்டுகோளின்படி முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்து ஊர்களுக்கு வரிநீக்கம் அளித்ததைச் சிறிய செப்பேடுகள் கூறும். பாருசுக் கல்வெட்டிற்கும் இதற்கும் இடைவெளி இரண்டே ஆண்டுகள். கடாரத்தார்க்குத் தமிழகக் கடற்கரையில் அளந்து எல்லையிட்ட ஊர்கள் உரிமையாயிருந்த அதே காலத்தில், தமிழர்க்குச் சுமத்திராக் கரையில் இருந்தது துறைக்கட்டணத்தைப் பதித்த கல் ஒன்றே. கடல் வாணிகத்தில் தமிழர் மேலோங்கியிருந்தனர் என்று கூறுவோர் இவ்வேறுபாட்டிற்கு விடையளிக்க வேண்டும்.

பெங்களூரில் இருந்து எழுதுவோர்க்கு இன்னொரு சான்றும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வெங்காலூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைக் கொடையாகச் சுட்டுகிறது. தமிழர் நிலத்தோடு குடியேறிய இடங்களில் அவர்தம் கல்வெட்டு ஏரியையும் வயலையும் பேசாமல் இராது. அயல்நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பட்டு மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதைக் கூறுகிறது. குளம் வெட்டுவோர் சில பருவங்களேனும் தங்கக் கருதியவரே. பாருசில் அத்தகைய கல் கிடைக்கவில்லை.

மொழியும் இதனையே உணர்த்துகிறது. மலாய் மொழியில் உள்ள கப்பால், கெடாய், பெட்டி, மோடால், கூலி என்னும் சொற்கள் முறையே கப்பல், கடை, பெட்டி, முதல், கூலி என்னும் தமிழ்ச் சொற்களின் திரிபுகள். இவை ஒரே காலத்தில் சென்று சேர்ந்தவை அல்ல. சில மிகப் பிற்காலத்தனவாகலாம். எனினும் இவற்றின் இனம் நோக்கத்தக்கது. எல்லாம் கையில் எடுத்துச் செல்லத்தக்க உடைமையையும் அதனை ஈட்டும் தொழிலையும் பற்றியவை. நிலத்தைக் குறிக்கும் தானா, நன்செய்யைக் குறிக்கும் சாவா, புன்செய்யைக் குறிக்கும் லாடாங் ஆகியன அம்மண்ணின் சொற்களே. நீர்நிலையைக் குறிக்கும் கோலம் மட்டும் தமிழ்க் குளத்தின் வழிவந்தது.

அவ்வாறாயின் அங்கே நிலைத்துத் தங்க விரும்பிய தமிழனுக்கு நிலம் கிட்டும் வழியே இல்லையோ? ஒரு வழி இருந்திருக்கலாம். வடசுமத்திராவின் காரோ மக்களிடையே செம்பிரிங் என்னும் பெருங்குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா முதலிய உட்குலங்கள் உள்ளன. இவற்றுள் முதலிரண்டும் சோழ, பாண்டியப் பெயர்களை நினைவூட்டுதல் வெளிப்படை. பெலாவியைப் பல்லவரோடும் மெலியாலாவை மலையாளத்தோடும் இணைப்பர். காரோ ஊர்களில் ஊரை நிறுவிய குலத்தார்க்கே நிலத்தின்மேல் முதன்மை உரிமை. பிறர் பெண்கொண்ட உறவினால் அவ்வூரில் இடம் பெறுவர். பிறப்பால் அயலவரானோர் மணவுறவால் குலத்தவராகி, குலத்தவரானமையால் உழுவதற்கு நிலம் பெற்றனர் எனக் கருத இடமுண்டு. ஆனால் அந்நிலத்தைப் பெற்றவர்கள் தமிழை விட்டிருந்தனர். பெயர் எஞ்சியது, மொழி எஞ்சவில்லை. பாருசுத் துறையில் இருந்தோரே இவர்தம் முன்னோர் என்று துணிந்து கூறல் இயலாது. காரோ மேட்டுநிலம் வடக்கே தொலைவில் உள்ளது. (1960இல் இயற்றப்பட்ட இந்தோனேசிய நிலச் சட்டமும் முழு நிலவுடைமையைக் குடிமக்களுக்கே உரியதாக்கியது. அயலான் முதலில் உறவினன் ஆதல் வேண்டும் என்னும் பழைய விதி சட்ட வடிவில் தொடர்கிறது போலும்.)

லோபு துவாவில் 1995 முதல் பிரெஞ்சு, இந்தோனேசிய அறிஞர்கள் குளோத் கியோவின் தலைமையில் நடத்திய அகழாய்வுகள், அக்குடியிருப்பு ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிப் பதினோராம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி முடிந்ததைக் காட்டின. சீனப் பீங்கான், மேலையாசியக் கண்ணாடி, தென்னிந்திய மட்கலம் ஆகியன அங்கு ஏராளமாகக் கிடைத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரிய பொருள்கள் இல்லை. ஆயத்தை வரையறுத்துக் கல் நட்ட ஒரு தலைமுறைக்குள் அத்துறை வெறிச்சோடிவிட்டது. பின்னர் வாணிகம் அருகிலுள்ள புக்கிட் அசாங்கிற்குப் பெயர்ந்தது. லோபு துவாவை அழித்தவர்கள் கெர்காசி என்னும் அரக்கர் என்று பாருசு மக்களின் பழைய வரலாற்றேடுகள் கூறுகின்றன.