கட்டுச்சோறும் உள்ள இருந்த எலியும்

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல ஒரு ஆணி. பழைய ப்ராஜெக்ட் ஒண்ண வெப்பேக் 4-ல இருந்து 5-க்கு மாத்தணும். அரை நாள் வேலை தானேன்னு வாங்கிட்டேன் (வாய்க்கொழுப்பு!). பில்ட் ஓட்டினா திரை முழுக்க செகப்பு. சாராம்சம் இதான்: "கிரிப்டோன்னு ஒரு மாட்யூல் கேக்குற, அது என்கிட்ட இல்ல." நேத்து வரைக்கும் ஓடுச்சே, அப்ப யார் குடுத்தாங்க? இதைத் தோண்டப் போய் கிடைச்ச கதை தான் இந்தப் பதிவு. பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், ஒரு வரி கோடு கூட கிடையாது :)

கொசுவத்தி சுத்திக்கோங்க. 1995 மே மாசம் நெட்ஸ்கேப் கம்பெனியில பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல முதல் வடிவத்தை எழுதின மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு ஃபைல் இன்னொரு ஃபைலைக் கூப்பிட அதுல வழியே கிடையாது. பக்கத்துல ஸ்கிரிப்ட்களை வரிசையா அடுக்கணும், வரிசை மாறினா எல்லாம் காலி. எல்லா ஸ்கிரிப்ட்டும் புழங்குறது ஒரே பொது முற்றத்துல. 2005-ல வந்த ப்ரோட்டோடைப்பும் 2006-ல வந்த ஜேக்வெரியும் டாலர் குறி எனக்குத்தான்னு குழாயடிச் சண்டை போட்டதும் அங்க தான்.

2009 ஜனவரியில கெவின் டாங்கூர் ஒரு கட்டுரை எழுதினார். ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வர்ல ஓட்ட ஆளாளுக்கு முயற்சி பண்றோம், ஆனா பொதுவான மாட்யூல் முறை இல்லையேங்கிறது அவரோட ஆதங்கம். அதுக்காக சேர்ந்த கூட்டம் அதே வருஷம் காமன்ஜேஎஸ்னு பேர் மாத்திக்கிச்சு. அவங்க முடிவு பண்ணின 'ரிகொயர்' முறையைத் தான் ரயன் டால் தன்னோட நோட்ல எடுத்துக்கிட்டார். பேரைச் சொல்லி கேட்டா, ஃபைலை டிஸ்க்ல இருந்து படிச்சு, ஓட்டி, கையில குடுக்கும். அது வர்ற வரைக்கும் அடுத்த வரி காத்திருக்கும்.

டிஸ்க் பக்கத்துலயே இருக்கிறதால சர்வர்ல இந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டே இல்ல. பரண்ல இருந்து பாத்திரம் எடுக்கிற மாதிரி. ப்ரவுசர்ல ஃபைல் இருக்கிறது நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு சாமானுக்கும் தெருக்கோடி கடைக்கு ஓடணும், ஓடி வர்ற வரைக்கும் பக்கம் அப்படியே உறைஞ்சு நிக்கும். அதனால ஜேம்ஸ் பர்க் மாதிரி ஆளுங்க வேற வழி சொன்னாங்க. தேவையான சாமான் பட்டியலை முதல்லயே எழுதிக் குடு, எல்லாம் வந்ததும் உன்னைக் கூப்பிடுறேன்னு. ஏஎம்டின்னு பேரு, அதுக்கு அவர் எழுதினது ரிகொயர்ஜேஎஸ். காமன்ஜேஎஸ் கூட்டத்துல இது ஒத்துவராம தனியாவே பிரிஞ்சு போச்சு. ப்ரவுசரோட இயல்பைப் புரிஞ்சு எழுதினது இதுதான்னு நான் நினைக்கிறேன். ஆனா ஒவ்வொரு ஃபைலுக்கும் உறை போட்டு எழுதுறதுல ஜனங்களுக்கு சலிப்பு வந்துடுச்சு.

2010-ல ஜேம்ஸ் ஹாலிடே (சப்ஸ்டாக்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும்) ப்ரவுசரிஃபை எழுதினார். அதோட சூட்சுமம் நம்ம பாட்டிங்களுக்கு நல்லாத் தெரிஞ்சது தான், கட்டுச்சோறு. வழியில கடை தேடாதே, கிளம்பும்போதே எல்லாத்தையும் கட்டிடு. எழுதுறவன் மெஷின்லயே முதல் ஃபைலைப் படிச்சு, அதுல ரிகொயர் எங்கெல்லாம் இருக்குன்னு பாத்து, அந்த ஃபைல்களைப் படிச்சு, அதுக்குள்ள இருக்கிற ரிகொயரையும் தேடி... கடைசி வரைக்கும் போகும். ஒவ்வொரு ஃபைலையும் ஒரு ஃபங்ஷன்ல சுத்தி, நம்பர் போட்டு, மொத்தத்தையும் ஒரே ஃபைலா ஆக்கிடும். மேல ஒரு குட்டி ரிகொயர். அது நெட்வொர்க் பக்கமே போகாது, மூட்டைக்குள்ள கையை விட்டு எடுத்துக் குடுக்கும். அதனால காத்திருப்பும் இல்ல. சர்வருக்கு எழுதின கோடு தான் சர்வர்ல இருக்கிறதாவே நினைச்சுக்கிட்டு ப்ரவுசர்ல ஓடும். செம ஐடியா! அப்ப தான் வளர்ந்துக்கிட்டு இருந்த என்பிஎம் பொட்டலங்கள்ல பெரும்பகுதி இதால ப்ரவுசருக்கும் திறந்துடுச்சு.

வில்லங்கமும் அதே இடத்துல தான். பல பொட்டலங்கள் நோட்டோட சொந்த சாமான்களையும் கேக்கும். பாத், ஈவென்ட்ஸ், பஃபர், கிரிப்டோ மாதிரி. ப்ரவுசர்ல அந்த சாமான் கிடையாது. அதனால ஒவ்வொண்ணுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்லயே ஒரு டூப்ளிகேட் செஞ்சு, கேட்டா சத்தமில்லாம மூட்டையில வெச்சாங்க. பாத், ஈவென்ட்ஸ் எல்லாம் சின்னது. கிரிப்டோ அப்படி இல்ல. சங்கேதக் கணக்குக்கான பெரிய எண் நூலகத்துல ஆரம்பிச்சு என்னென்னவோ, சில நூறு கிலோபைட் போகும். கட்டுச்சோத்துக்குள்ள எலியை வெச்சுக் கட்டினாப்ல. கட்டுறவனுக்குத் தெரியாது, சுமக்கிறது டேட்டா பேக் போட்டு போன்ல பக்கம் பாக்குறவன்.

2012-ல டோபியாஸ் கோப்பர்ஸ் ஆரம்பிச்ச வெப்பேக், மூட்டையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வேணுங்கிறப்ப மட்டும் இறக்கலாம்னு காட்டுச்சு. பெரிய முன்னேற்றம். ஆனா எலிகளையும் பத்திரமா கூடவே கூட்டிட்டு வந்துச்சு. 2015-ல மொழிக்கே சொந்த மாட்யூல் முறை வந்தது, 2017, 2018-ல க்ரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அதைப் புரிஞ்சுக்கிட்டாங்க. இருந்தும் மூட்டை கட்டுறது நிக்கல. நூத்துக்கணக்கான குட்டி ஃபைல்களுக்கு ஒண்ணு பின்னாடி ஒண்ணா கடைக்கு ஓடுற பிரச்சினை அப்படியே தானே இருக்கு?

2020 அக்டோபர்ல வந்த வெப்பேக் 5 தான் கையை விரிச்சுது. டூப்ளிகேட் சாமான் இனிமே தானா வராது, வேணும்னா நீயே கேட்டு வாங்கிக்கோன்னு. ஊரே திட்டுச்சு. நானும் தான், தாமதமா.

நம்ம கதைக்கு வருவோம். எங்க ப்ராஜெக்ட்ல கிரிப்டோவைக் கேட்டது ஒரே ஒரு ஃபைல். சர்வருக்காக எழுதினது, பேர் வைக்க ஒரு ரேண்டம் எண் வேணும்னு ஒரே வரி. பிற்பாடு யாரோ அதே ஃபைலை ப்ரவுசர் பக்கமும் இழுத்துக்கிட்டாங்க. வேலை செஞ்சுது, யாரும் திரும்பிப் பாக்கல. அந்த ஒரு வரிக்காக அத்தனை வருஷமா ஒவ்வொரு பயனரும் ஒரு சங்கேத நூலகத்தையே இறக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. ரேண்டம் எண் குடுக்கிற வசதி ப்ரவுசர்லயே இருக்குங்கிறது இதுல இன்னும் கொடுமை.

எர்ரர் மெசேஜ்லயே பழையபடி டூப்ளிகேட்டை சேர்க்கிற வழியும் போட்டிருந்துச்சு. ரெண்டு நிமிஷ வேலை. சேர்க்கல. ப்ரவுசர் குடுக்கிறதை வாங்குற மாதிரி அந்த வரியை மாத்தி எழுதினேன். அரை நாள்னு சொன்ன ஆணி மூணு நாள் ஆச்சு, மேனேஜர் மொறைச்சார் :(