முப்பது வயதில் ஐரிஷ் நடனம் கற்கலாமா?

டப்ளினிலோ பாஸ்டனிலோ மெல்போர்னிலோ ஏதாவது ஒரு ஐரிஷ் நடன வகுப்புக்குப் போய் எட்டிப் பாருங்கள். ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைகள் வரிசையாக நின்று, கைகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணியபடி குதித்துக்கொண்டிருப்பார்கள். சுவரோரமாகப் போட்ட நாற்காலிகளில் அம்மாக்கள். ஒருவர் மடியில் கைக்குழந்தை தூங்கும். இன்னொருவர் கையில் மகளுடைய செருப்பு, தண்ணீர் பாட்டில், பை எல்லாம் இருக்கும். இசை ஆரம்பித்ததும் அந்த அம்மாவின் கால் மட்டும் நாற்காலிக்கு அடியில் தாளம் போட ஆரம்பித்துவிடும். நீங்களும் சேர வேண்டியதுதானே என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "இந்த வயசிலா? இது சின்னப் பிள்ளைகள் ஆடுறது!"

இது நிஜமாகவே சின்னப் பிள்ளைகளின் நடனம்தானா? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், இந்த எண்ணத்துக்கு நூறு வயதுகூட ஆகியிருக்காது போலிருக்கிறது.

ஆர்தர் யங் என்ற ஆங்கிலேயர் 1776 முதல் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1780ல் ஒரு பயணநூல் வெளியிட்டார். அவருக்கு விவசாயமும் விலைவாசியும்தான் முக்கியம். எங்கே போனாலும் கூலி என்ன, குத்தகை என்ன, உருளைக்கிழங்கு என்ன விலை என்று கேட்டு எழுதிக்கொள்கிற ஆசாமி. (வணிகவியல் படிப்பவர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும்.) அப்படிப்பட்டவர் நடனத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஏழைகளின் குடிசைகளில் நடனம் இல்லாத இடமே இல்லை என்கிறார். அதே ஏழை வர்க்கத்தைச் சேர்ந்த நடன வாத்தியார்கள், ஒரு பைப் வாசிப்பவரையோ கண்பார்வையற்ற ஃபிடில்காரரையோ கூட்டிக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார்களாம். சம்பளம் ஒரு பருவத்துக்கு ஆறு பென்ஸ். அதே நூலில் ஒரு கூலியாளின் சராசரி நாள் கூலி ஏறக்குறைய ஆறரை பென்ஸ் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் ஒரு பருவம் முழுக்க நடனம்! இன்றைய வகுப்புக் கட்டணத்தையும் போட்டி உடையின் விலையையும் பார்ப்பவர்கள் பெருமூச்சு விட வேண்டிய இடம் இது.

இங்கே கவனிக்க வேண்டியது கட்டணத்தை மட்டும் அல்ல. மாணவர் வாத்தியாரைத் தேடிப் போகவில்லை, வாத்தியார்தான் வீடு தேடி வந்தார். ஒரு ஊரில் சில வாரங்கள் தங்குவார். ஏதாவது ஒரு விவசாயி வீட்டுச் சமையலறையோ தானியக் கொட்டகையோதான் வகுப்பு. இடது கால் எது வலது கால் எது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு காலில் வைக்கோலும் இன்னொரு காலில் புல்லும் கட்டிவிட்டு, "இப்போ வைக்கோல் காலைத் தூக்கு, புல் காலை இறக்கு" என்று சொல்லிக் கொடுப்பார்களாம். அந்த ஊர் மக்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. கால் தடுமாறுகிற புது ஆளுக்கும் அந்த வகுப்பில் இடம் இருந்திருக்கிறது என்பது இதிலிருந்தே தெரியும்.

வாத்தியார் போன பிறகும் ஆட்டம் நிற்காது. சமையலறைதான் அரங்கு. மேசை நாற்காலியைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டால் போதும். கால் தட்டும் ஓசை நன்றாக எதிரொலிக்க வேண்டும் என்று அடுப்புக்கு முன்னால் இருக்கும் கல்லுக்கு அடியில் குதிரை மண்டையோட்டைப் புதைத்து வைத்த வீடுகள்கூட உண்டு. வாத்தியம் வாசிக்க ஆள் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. அர்த்தமில்லாத அசைகளைக் கோத்து வாயாலேயே மெட்டுப் போடுவார்கள். நம்மூர் ஜதி சொல்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ராகத்தோடு. பெண்களும் இதில் கெட்டிக்காரர்கள். குழந்தையை முழங்காலில் உட்கார வைத்துத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாடுவதற்கென்றே அயர்லாந்தில் ஒரு பாட்டு வகை இருக்கிறது. அதில் பலவும் ஜிக் தாளத்தில் அமைந்தவை. ஜிக் என்பது மும்மூன்றாக எண்ணும் தாளம். திஸ்ர நடையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அந்த வீட்டுக் குழந்தைக்கு நடக்க வருமுன்பே ஜிக் வந்துவிடும். அம்மாவுக்கும் குழந்தை வளர்ப்பு ஒரு வேலை, நடனம் வேறு ஒரு வேலை என்று பிரிந்து இருக்கவில்லை.

அப்புறம் எப்படி அம்மா நாற்காலிக்குப் போனாள்?

அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. அதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், முதல் காரியத்தைச் செய்தவர்களே வயதுவந்த கற்றுக்குட்டிகள்தான். 1893ல் டப்ளினில் கேலிக் லீக் என்ற அமைப்பு தொடங்கியது. ஐரிஷ் மொழியைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். அதன் லண்டன் கிளை 1897 அக்டோபர் 30 அன்று ப்ளூம்ஸ்பெரியில் ஒரு மண்டபம் பிடித்து, முதல் 'கெய்லி' விழாவை நடத்தியது. இன்று ஐரிஷ் நடனம் என்றாலே நினைவுக்கு வருகிற கெய்லி முதன்முதலில் நடந்தது லண்டனில்தான்! அதுவும் ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய மாலை நிகழ்ச்சியைப் பார்த்து எடுத்த யோசனை. வந்தவர்கள் ஊரைவிட்டு வேலைக்கு வந்திருந்த குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள் போன்றவர்கள். அவர்களில் பலருக்கு ஊர் ஆட்டம் அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு கெர்ரி பகுதியிலிருந்து வந்து லண்டனில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த பேட்ரிக் ரீடி என்ற வாத்தியாரைப் பிடித்துக் கற்றுக்கொண்டார்கள். 1902ல் அந்த வட்டத்தைச் சேர்ந்த ஓ'கீஃப், ஓ'பிரையன் என்ற இருவர் ஒரு நடனக் கையேடே போட்டுவிட்டார்கள். பெரியவர்களாகி வேலைக்குப் போன பிறகு காலடி பழகியவர்கள் உருவாக்கிய மரபு அது.

ஆனால் தேசியம் என்று வந்துவிட்டால் எது நம்முடையது, எது அந்நியம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். கிராமத்துச் சமையலறைகளில் நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடும் 'செட்' நடனம்தான் அப்போது பிரபலம். அதன் மூலம் பிரான்ஸ் நாட்டு க்வாட்ரில். வந்து ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது, ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் இசைக்கும் காலுக்கும் ஏற்றபடி முழுக்க மாற்றிக்கொண்டும் விட்டார்கள். இருந்தாலும் லீக் அதை அந்நியம் என்று ஒதுக்கியது. அம்மாவும் அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆடிய ஆட்டம் போலி ஆகிவிட்டது, போட்டி மேடையில் தனியாக ஆடுவது அசல் ஆகிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் ஒரு நடன ஆணையம் வந்து ஆசிரியர்களுக்குத் தேர்வு, நடுவர்களுக்குத் தேர்வு, விதிமுறை என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியது. மரபை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் முதலில் குழந்தைகளைத்தானே பிடிப்பார்கள்? வயதுவாரியாகப் போட்டிகள் பெருகின. நல்லதும் நடந்தது, மறுக்க முடியாது. இந்த ஆணையம் இல்லாவிட்டால் உலகம் முழுக்க ஒரே இலக்கணத்தில் இந்த நடனம் பரவியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அடுத்தது 1935. பொது நடன அரங்குச் சட்டம் என்று ஒன்று வந்தது. பொதுமக்கள் ஆடும் இடத்துக்கு நீதிமன்ற உரிமம் கட்டாயம். பாதிரிமார்கள் நெடுநாளாகவே நடனத்தைக் கண்டித்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் வீட்டுச் சமையலறை ஆட்டம் கூடாது என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் பல ஊர்களில் பாதிரியாரும் போலீசும் சேர்ந்து அதை வீட்டு நடனங்கள் மீதும் பாய்ச்சினார்கள். கிளேர் பகுதியின் புகழ்பெற்ற ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹன் (1908-1998) இதைப் பற்றிக் கடைசிவரை வருத்தத்தோடு பேசினார். சட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஊரே காலியாகி அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது, வானொலி வந்தது, புது மோஸ்தர் இசை வந்தது. ஆனாலும் சட்டம் செய்த ஒரு வேலையை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆட்டம் சமையலறையிலிருந்து மண்டபத்துக்குப் போய்விட்டது. சமையலறை என்றால் குழந்தை மூலையில் தூங்கும், அழுதால் எடுத்துக்கொள்ளலாம், அடுத்த பாட்டுக்குத் திரும்பி வரலாம். மண்டபத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, நேரம் உண்டு, தூரம் உண்டு. கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? கலியாணம் ஆகாதவர்கள் போனார்கள். அம்மாக்கள் வீட்டில் இருந்தார்கள்.

அந்த நாட்டுச் சட்டங்களும் அதையேதான் விரும்பின. 1937 அரசியலமைப்பில் வீட்டுக்குள் பெண்ணின் வாழ்வு நாட்டுக்குத் துணை என்று ஒரு பிரிவே இருக்கிறது. (2024ல் அதை மாற்ற வாக்கெடுப்பு வைத்தார்கள், தோற்றுவிட்டது.) அரசு வேலையில் இருக்கும் பெண் திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1973 வரை இருந்தது.

இடையில் ஒரு சின்னத் தகவல். அதே 1935ன் கடைசியில் சென்னை அடையாறில் ருக்மிணி தேவி தன் முதல் பரதநாட்டியக் கச்சேரியை ஆடினார். அப்போது அவருக்கு வயது 31. அவரும் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டவர்தான். அடுத்த மாதமே, 1936 ஜனவரியில், கலாக்ஷேத்ரா தொடங்கியபோது அவரோடு இருந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கசின்ஸ், பெல்ஃபாஸ்டில் பிறந்த ஐரிஷ் கவிஞர்!

அயர்லாந்தில் பெரியவர்கள் திரும்பி வந்தது செட் நடனம் வழியாகத்தான். வில்லி க்ளான்சி என்ற பைப் கலைஞர் 1973ல் காலமானார். அவர் நினைவாக அதே ஆண்டில் கிளேர் பகுதியின் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில் ஒரு கோடைக்கால இசைப்பள்ளி ஆரம்பித்தது. 1982ல் அங்கே ஜோ ஓ'டோனவன் செட் நடன வகுப்பு எடுத்தார். வந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். ஆசிரியர்கள், நர்சுகள், விவசாயிகள், குழந்தை பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். டிப்பரரியைச் சேர்ந்த கானி ரையன் வாரக்கடைசிகளில் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தார், மறைந்துகொண்டிருந்த செட்களைத் தேடிச் சேர்த்தார். 1997ல் அவர் இறக்கும்போது செட் நடனம் அயர்லாந்து முழுவதும் ஆடப்பட்டுக்கொண்டிருந்தது. பழைய நடன வாத்தியார் மறுபடி கிளம்பி வந்த மாதிரிதான், குதிரைக்குப் பதில் கார். எண்பது வருஷத்துக்கு முன் அந்நியம் என்று ஒதுக்கிய ஆட்டம் மரபாகத் திரும்பி வந்தது!

ரிவர்டான்ஸ் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகப் போதும். 1994 ஏப்ரல் 30, யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளை, ஏழு நிமிடம். ஜீன் பட்லரும் மைக்கேல் ஃப்ளாட்லியும் ஆடி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. அதன் பிறகு வகுப்புகளுக்குக் கூட்டம் அலைமோதியது. ஃப்ளாட்லி நடனம் கற்க ஆரம்பித்தது பதினோரு வயதில். இந்தத் துறையில் அதுவே தாமதம். அவர்தான் 1975ல் உலகப் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கர். ஆனால் ரிவர்டான்ஸ் அம்மாக்களுக்கு இரண்டும்கெட்டான் உதவிதான் செய்தது. ஆசையைக் கிளப்பிவிட்டது, கூடவே அந்த உயரத்துக்குக் குதித்தால்தான் நடனம் என்ற பயத்தையும் கிளப்பிவிட்டது.

அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. போட்டி நடனத்தில் நுனிக்காலில் நின்று, முழங்காலை ஒட்டிக் குதித்து, கெண்டைக்காலாலேயே எடையைத் தாங்க வேண்டும். முப்பது வயதில் ஆரம்பிப்பவருக்கு முதலில் வலிப்பது கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான். பிரசவம் ஆனவர்கள் ஓட்டம், குதித்தல் போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், அடிவயிற்றுத் தசைகளும் இடுப்புக்குழித் தசைகளும் முதலில் தேற வேண்டும் என்று பிசியோதெரபிஸ்டுகள் சொல்கிறார்கள். ஆனால் குதிப்பு மட்டுமே ஐரிஷ் நடனம் இல்லை. செட் நடனத்திலும், கானமாரா பக்கம் ஆடுகிற ஷான்நோஸ் என்ற பழைய பாணியிலும் பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது. கைகளும் விறைப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கதவுப் பலகை அளவு இடம் போதும். சமையலறையில் வளர்ந்த ஆட்டம் அல்லவா! போட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கும் வட அமெரிக்காவில் பெரியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். மகள் காலையில் ஆட, அம்மா மதியம் அதே மேடையில் ஆடலாம்.

2020ல் டப்ளினில் நடக்க வேண்டிய ஐம்பதாவது உலகப் போட்டி கொரோனாவால் ரத்தானது. மண்டபங்கள் பூட்டப்பட்டன, வகுப்புகள் ஜூம் வழியே வீட்டுக்கு வந்தன. மேசையை ஒதுக்கிவிட்டு, ஒட்டுப்பலகை ஒன்றைத் தரையில் போட்டு, லேப்டாப்பை அடுப்பு மேடையில் வைத்து ஆடினார்கள். குழந்தை அழுதால் மைக்கை அணைத்துவிட்டுப் போய்த் தூக்கிக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர முடிந்தது. தொற்றுக்காலம் முடிந்து மண்டபங்கள் திறந்துவிட்டன. சில ஆசிரியர்கள் பெரியவர்களுக்கான ஆன்லைன் வகுப்பை மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.