மீட்சிச் சிதறல்

'மீள்' என்னும் வினையடியில் பிறந்தது 'மீட்சி'. அதனால், அணுக்கருவில் மோதிய துகள் வந்த வழியே திரும்புவதுதான் மீட்சிச் சிதறல் என்று கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. 1909-இல் கெய்கரும் மார்ஸ்டனும் மெல்லிய பொன் தகட்டில் ஆல்ஃபா துகள்களைச் செலுத்தியபோது பெரும்பாலானவை சற்றே விலகின; மிகச் சிலவே பின்னோக்கித் திரும்பின. இரண்டுமே மீட்சிச் சிதறல்தான். இங்கே மீள்வது திசையன்று. மோதலுக்கு முன்பிருந்த மொத்த இயக்க ஆற்றலும் கருவின் உள்நிலையும். கிரேக்க மூலமுடைய 'elastic' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர் 'உந்துதல்' என்பதோடு நிற்கிறது. தமிழ்ச் சொல்லோ பழைய நிலை திரும்புவதையே சுட்டுகிறது.

கார்பன்-12 கருவில் நேருக்கு நேர் மோதும் நியூட்ரான் தன் ஆற்றலில் சுமார் 28 விழுக்காட்டை இழக்கிறதே, அது எப்படி மீட்சியாகும் எனக் கேட்கலாம். இழந்தது முழுவதும் கருவின் பின்னுதைப்பு இயக்கமாகிவிடுகிறது. கரு கிளர்ச்சியடைவதில்லை, மொத்தக் கணக்கும் குறைவதில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: எதுவும் குறைவதில்லை எனில், இச்சிதறலைக் கணிக்கும் ஒளியியல் மாதிரியின் நிலையாற்றலில், துகள்களை உறிஞ்சும் கற்பனை எண் பகுதி ஏன்? கருவைக் கிளர்த்தியோ வேறு வினைகளில் கலந்தோ மீட்சி வழியிலிருந்து விலகும் துகள்களைக் கழிக்கவே அது. ஃபெஷ்பாக், போர்ட்டர், வைஸ்கோஃப் ஆகியோர் 1954-இல் நியூட்ரான்களுக்கு அமைத்த மாதிரி இவ்வகையினது. மீளாதவற்றைக் கழித்தால்தான் மீள்பவற்றின் கோணப் பரவல் சரியாக வரும். ஆகவே அப்பகுதி சொல்லின் எல்லையை மீறவில்லை, வரையறுக்கிறது.