வண்ணம் உரித்தலின் வரலாறு: பழைய கார்களின் உடலிலிருந்து வேதியியல் எடுத்துக்கொண்டவை

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவுமுறை நடைமுறைக்கு வந்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த ஊர்தி தன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் நிகழ்ந்திருக்கலாகாது. தேறிய ஊர்திகளின் பதிவெண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். இந்த வரையறையில் வண்ணப்பூச்சுக்கு இடமில்லை. ஆனால் பழைய காரில் ‘மூலம்’ என்று சொல்லத்தக்கவற்றுள் முதலில் அழிவது பெரும்பாலும் அதுவே. மீட்டெடுப்புக்கென டிங்கரிங் பட்டறைக்குள் நுழைந்த கார் சில நாள்களில் வெற்றுத் தகடாக நிற்கிறது.

வெற்றுத் தகட்டை அடைவதற்கான வழிகளுள் வேதிவழியின் வரலாற்றை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். உப்புத்தாளும் மணல்வீச்சும் வேறு கதை. இவ்வரலாற்றில் ஒன்று திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: ஒவ்வொரு கரைசலும் நாம் எடுக்கச் சொன்னதற்கு மேலும் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டது, அது எதுவென்று அறிய ஒவ்வொரு முறையும் காலம் பிடித்தது.

உரிப்பானின் கதை பூச்சின் கதைக்குப் பின்னால் நடப்பது. தொடக்ககாலக் கார்கள் குதிரைவண்டித் தொழிலின் வழக்கப்படி, ஆளிவிதை எண்ணெயும் பிசினும் கலந்த வார்னிஷ் பூச்சைப் பல அடுக்குகளாகப் பெற்றன. அவை காய்ந்து முடிய வாரங்கள் ஆயின. ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1920களின் நடுவில் டூபான்ட் நிறுவனத்தின் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வாரங்களை மணிக்கணக்காகச் சுருக்கியது. இந்தியப் பட்டறைகளில் ‘டூகோ பெயின்ட்’ என்ற சொல் இன்றும் கார் பெயின்டுக்கே பொதுப்பெயராக வழங்குவது அந்த மாற்றத்தின் எச்சம். அடுத்து ஆல்கைடு எனாமல் வந்தது. 1960களில் ஃபோர்டு நிறுவனம் மின்முனைவழிப் படியவைக்கும் பிரைமரைக் கொண்டுவந்தது.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையில் விட்டுக்கொடுப்பவை. எண்ணெய்ப் பூச்சிலும் ஆல்கைடிலும் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. காஸ்டிக் சோடா அவற்றை உடைக்கும்; சோப்பு காய்ச்சும்போது நிகழும் அதே வினை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் உலர்ந்ததே ஒழிய வேதிமாற்றம் அடைந்ததன்று. ஆகவே அரை நூற்றாண்டு கழிந்தும் அசிட்டோனில் கரைந்துவிடும். சூட்டில் குறுக்குப்பிணைப்புக் கொண்டு இறுகிய பிற்காலப் பூச்சுகளோ எதிலும் எளிதில் கரையா. அவற்றை உப்பவைத்து உலோகத்திலிருந்து தூக்கத்தான் முடியும். உரிப்பான்கள் ஏன் காலந்தோறும் கடுமையாயின என்பதற்கான விடை இங்கே இருக்கிறது.

காஸ்டிக் சோடாவிலிருந்து தொடங்கலாம். சூடான சோடாத் தொட்டி எஃகைப் பெரிதும் ஒன்றும் செய்யாது. அலுமினியத்தை அது தின்றுவிடும். வினையில் ஹைட்ரஜன் வாயு குமிழியிடும். மரத்தை நாரும் நொய்வுமாக்கும். இந்திய அரச குடும்பங்கள் வாங்கிய ரோல்ஸ்-ராய்ஸ் கார்கள் பலவற்றின் உடற்கூடுகள் ஹூப்பர், பார்க்கர் போன்ற இங்கிலாந்துப் பட்டறைகளில் மரச்சட்டத்தின் மீது தகடு பொருத்திக் கைவேலையாக அமைக்கப்பட்டவை; அத்தகடு பெரும்பாலும் அலுமினியம். அத்தகைய உடலைத் தொட்டியில் இறக்குவது அதைக் கரைப்பதற்கு ஒப்பாகும். இன்னொன்றும் உண்டு. பழைய பூச்சுகளின் வெள்ளையில் ஈயக் கார்பனேட்டும், மஞ்சளில் ஈயக் குரோமேட்டும் இருந்தன. இரண்டுமே வலிய காரத்தில் கரையும். தொட்டியில் எஞ்சிய நீர் வெறும் அழுக்குநீரன்று, ஈயநீர். அது எந்தச் சாக்கடையில் ஊற்றப்பட்டது என்பதற்குப் பட்டறைகள் கணக்கு வைப்பதில்லை.

துருவுக்கு அமிலம். எஃகாலைகள் நெடுங்காலமாகக் கந்தக அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பயன்படுத்திவந்தன. அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது என்ற வேறுபாடு இல்லை. 1872இல் மாரங்கோனி, ஸ்டெஃபனெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர் இருவர் கோந்து, ஜெலட்டின், தவிடு ஆகியவற்றின் சாறு அமிலத்தில் இரும்பின் அரிப்பைத் தணிப்பதை ஆராய்ந்தனர். 1895இல் பால்ட்வின் என்பவர், தகடு கழுவும் அமிலத்தில் மொலாசஸையும் தாவர எண்ணெயையும் சேர்க்கும் முறைக்குப் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றார். மொலாசஸ் என்பது சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகே. இன்றும் மீட்டெடுப்பாளர் சிலர் அமிலமே இன்றி, நீர்த்த மொலாசஸில் துருப்பிடித்த உறுப்புகளை வாரக்கணக்கில் ஊறவைக்கின்றனர். அங்கு நிகழும் வினை வேறு: பாகிலுள்ள கரிமப்பொருள்கள் துருவின் இரும்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுக்கின்றன. மெதுவான வழி, நாற்றமும் உண்டு, ஆயினும் மூச்சைப் பறிக்காதது.

தவிடும் பாகும் தடுக்க இயலாத ஒன்றை 1875இல் வில்லியம் ஜான்சன் அரச கழகத்தின் நடவடிக்கைகளில் எழுதினார். அமிலத்தில் சிறிது நேரம் கிடந்த இரும்புக் கம்பி முறியத்தக்கதாகிறது. முறிந்த முகத்தை நனைத்தால் நுரைக்கிறது. சில நாள் விட்டுவைத்தால் பழைய வலிமை திரும்புகிறது. வினையில் பிறந்த ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்ததே காரணம். சாதாரண பாடித் தகட்டுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. வலுவேற்றிய சுருள்வில்லையும் போல்ட்டையும் அதே தொட்டியில் போடுபவர்தாம் அஞ்ச வேண்டும்.

அமிலத்தின் இந்தப் பேராசையை வேண்டுமென்றே பயன்படுத்திய துறை கார்ப்பந்தயம். 1960களின் அமெரிக்க டிரான்ஸ்-ஆம் பந்தயங்களில் எடையைக் குறைக்க முழு உடற்கூட்டையும் அமிலத்தில் முக்கித் தகட்டை மெலியவைத்தனர். பென்ஸ்கி அணியின் கமாரோ இதில் பேர்போனது. மெலிந்த கூரையின் நெளிவை மறைக்கவே அதற்கு வினைல் உறை போர்த்தப்பட்டது என்று பந்தய வட்டாரத்தில் சொல்வர்.

பாஸ்பாரிக் அமிலம் இவற்றுள் சற்று நாகரிகமானது. 1906இல் தாமஸ் காஸ்லெட் பெற்ற பிரிட்டிஷ் காப்புரிமை, அவ்வமிலத்தில் கிடந்த இரும்பின்மேல் பாஸ்பேட் படலம் உருவாகித் துருவைத் தடுப்பதைத் தொழில்முறையாக்கியது. தில்லி இரும்புத்தூணின் கதையும் இதற்கு உறவுடையதே. கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் தம் ஆய்வுகளில், தூணின் இரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸே மேற்பரப்பில் காப்புப்படலம் அமையத் துணைசெய்தது என்று காட்டினார். தூணில் துருவே மெல்ல மெல்லக் காவலாயிற்று. பட்டறையில் துருவை நீக்கிய அமிலமே காவலை விட்டுச்செல்கிறது.

ஆனால் காரின் உடல் தூண் அன்று. மடிப்புகளும் பெட்டிப்பகுதிகளும் நிறைந்தது. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைப் பின்பற்றித் தனி அடிச்சட்டகம் இன்றி, உடலே சட்டகமாக வடிவமைக்கப்பட்டது. அதன் கதவடிப் பெட்டிகளில் புகுந்த அமிலத்தை முழுதும் கழுவி எடுப்பது அரிது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பற்றவைக்கப்பட்ட இடுக்கில் தங்கிய துளி, புதுப்பூச்சின் கீழ் மெல்லக் கசிந்து கொப்புளமாக வெளிவரும்.

இனி டைகுளோரோமீத்தேன். இறுகிய எனாமலும் எபாக்சியும் வந்தபின் உரிப்பான் என்றாலே இதுதான் என்ற நிலை உருவாயிற்று. அதன் சிறிய மூலக்கூறு படலத்துக்குள் விரைந்து புகும்; படலம் உப்பும், சுருங்கி நெளியும், தோல்போல் உரிந்துவரும். சில நிமிடங்களில் நிகழும் அக்காட்சி, உப்புத்தாளால் நாள் முழுதும் தேய்த்தவருக்கு மாயமாகவே தோன்றும். தீப்பற்றும் கரைப்பான்களோடு ஒப்பிட்டு, எளிதில் எரியாத இதனைப் பாதுகாப்பானது என்றே பலர் கருதினர்.

1972இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டூவர்ட் குழுவினர், இவ்வாவியை மூச்சில் வாங்கியவரின் உடலுக்குள்ளேயே கார்பன் மோனாக்சைடு உருவாவதைக் கண்டனர். 1976இல் ஸ்டூவர்ட்டும் ஹேக்கும் வெளியிட்ட கட்டுரை, வீட்டு நிலவறையில் மரச்சாமானின் பூச்சை உரித்த பணி ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றியது. அவ்வேலைக்குப் பின் மாரடைப்பு வந்தது. தேறி மீண்டும் அதே வேலையைத் தொடர்ந்தார். மூன்றாம் மாரடைப்பில் இறந்தார். அமெரிக்கத் தொழிலிட வரம்பு பத்து இலட்சத்தில் 500 பங்கு என்பதிலிருந்து 25 பங்காகக் குறைய 1997 வரை ஆயிற்று. 2000க்கும் 2011க்கும் இடையில் குளியல்தொட்டி உரித்த தொழிலாளர் 13 பேர் அங்கு இறந்தனர். சில்லறை விற்பனைக்கு 2019இல் தடை வந்தது. 2024 விதி வரம்பை 2 பங்காக்கியது. கண்டறிந்ததற்கும் தடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு.

குளியல்தொட்டி ஏன் கொன்றது என்பது கார்ப்பட்டறைக்கும் பொருந்தும். இவ்வாவி காற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும். டிக்கிக்குள்ளோ காரின் தரைத்தகட்டின்மீதோ தலையைக் கவிழ்த்துச் சுரண்டுபவர் அப்பள்ளத்துக்குள்தான் மூச்சுவிடுகிறார். இதன் கொதிநிலை ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ். தில்லியிலும் நாகபுரியிலும் மே மாதத்து நண்பகல் அதைத் தாண்டும். ஐரோப்பியக் குளிரில் வகுத்த எச்சரிக்கை வாசகம் இங்கு எத்துணை போதும் என்பதை நம் தொழில்நலத் துறையினர் தனியே ஆராய வேண்டும் என்பது என் கருத்து. சாதாரணத் துணிமுகமூடி இவ்வாவியைச் சிறிதும் தடுக்காது.

உரிக்கப்பட்ட படலத்துக்கும் ஒரு சொல். பழங்கால ஊர்திகளின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டுரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், மீட்டெடுப்புக்கு முன்னால் பாதுகாப்பை வைக்கிறது. செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கவும் கோருகிறது. பூச்சின் சிறு சில்லைப் பிசினில் பதித்து, குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகள் மரவளையங்கள்போல் தெரியும். கொல்கத்தாவின் ஓர் அம்பாசிடரில் ஆலையின் வெளிர்நிறத்தின்மேல் டாக்சியின் மஞ்சள் பலமுறை ஏறியிருக்கலாம். ‘மூல நிறத்துக்குத் திருப்புதல்’ என்ற பெயரில் அது தொட்டியில் இறங்கும்போது உத்தர்பாரா ஆலையின் ஒரு நாள் மீள்கிறது. அதை ஓட்டிப் பிழைத்தவரின் பல ஆண்டுகள் கழிவுநீரோடு போகின்றன. எது மூலம் என்ற தீர்ப்பு அங்கேயே, எவரும் எழுதிவைக்காமல், வழங்கப்பட்டுவிடுகிறது.

இதனால் உரித்தலே கூடாது என்பதில்லை. பட்டியின் கீழ் அரித்துப் புழுதியான தகட்டை எந்தச் சாசனமும் காப்பாற்றாது. உரிக்கும் முன் கதவுத்தூணிலும் டிக்கியின் உட்புறத்திலும் ஒவ்வொரு சில் எடுத்து, இடமும் நாளும் குறித்து உறையிடுவதற்கு அரைமணி போதும். உள்ளங்கையளவு பழம்பூச்சைக் கண்ணில் படாத ஓரிடத்தில் அப்படியே விடலாம். ‘விஏ’ பதிவுக்கான ஆவணங்களோடு அந்த உறையையும் கேட்பதற்கு விதியில் ஒரு வரி சேர்த்தால் போதுமானது.