மேற்கே கைநீட்டி, கிழக்கே திரும்பி

கிறிஸ்தவத்துக்கு அந்தப் பெயர் நிலைப்பதற்கு முன்பே இன்னொரு பெயர் இருந்தது. திருத்தூதர் பணிகள் நூல் அதை 'வழி' என்கிறது. கிரேக்கத்தில் ஒதோஸ், கழுதையும் வணிகனும் நடந்துபோகும் சாலைக்கும் அதே சொல்தான். பழைய தமிழ் வேதாகமம் அதை மார்க்கம் என்றது, பொதுமொழிபெயர்ப்பு நெறி என்றது. இரண்டும் கால் பதியும் பாதையைக் குறித்த சொற்களே. நாளடைவில் ஒன்று மதமாகவும் மற்றொன்று ஒழுக்கமாகவும் கெட்டிப்பட்டுப் போனதால், முதல் தலைமுறையின் காதில் விழுந்த சாலை நம் காதில் விழுவதில்லை.

அந்தச் சாலையின் தொடக்கத்தில் நின்றவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 1056இல் எழுதி முடித்த ஓர் ஏட்டில் 'திதாக்கே' என்ற மிகப் பழைய சிறுநூல் இருப்பதை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிரியேனியோஸ் என்பவர் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டார். கடவுள் யார் என்ற விளக்கத்தோடு அது தொடங்கவில்லை. வாழ்வுக்கு ஒரு வழி, சாவுக்கு ஒரு வழி என்று எடுத்த எடுப்பிலேயே சாலை பிரிகிறது. எந்தப் பக்கம் போவது என்று சொல்லி முடித்த பிறகுதான் திருமுழுக்கைப் பற்றிப் பேசுகிறது. அங்கே நூலின் குரல் இளகிவிடுகிறது. ஓடும் நீர் வேண்டும். இல்லையென்றால் வேறு நீர். குளிர்ந்த நீர் கிடைக்காவிட்டால் வெந்நீர். இரண்டுமே போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும். வழியைக் கண்டிப்பாகப் பிரித்த கை, தண்ணீரில் தாராளம் காட்டுகிறது.

இந்தப் பயிற்சியின் முழு வளர்ச்சியைப் பார்க்க நான்காம் நூற்றாண்டின் எருசலேமுக்குப் போகவேண்டும். இயேசுவின் கல்லறைக்கும் கொல்கொதாவுக்கும் அருகே பேரரசன் கான்ஸ்டன்டைன் எழுப்பிய மார்த்தீரியம் பேராலயம் 335இல் நேர்ந்தளிக்கப்பட்டிருந்தது. அரசனின் ஆதரவு வந்தபின் ஆலய வாசலில் திருமுழுக்குக் கேட்டு வந்த கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஆன்ம தாகத்தோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. 350ஐ ஒட்டி அவர்களுக்குத் தொடக்க உரை நிகழ்த்திய எருசலேமின் புனித சிரில் இதை மறைக்கவும் இல்லை. ஒரு பெண்ணின் மனத்தைப் பிடிக்க வந்தவன் இருக்கலாம், எசமானைத் திருப்திப்படுத்த வந்த அடிமை இருக்கலாம், நண்பனுக்காக வந்த நண்பன் இருக்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார். இப்படி வந்தவனை வெளியே போகச் சொல்வார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சிரிலோ அந்தத் தவறான காரணத்தையே தூண்டில் இரையாக ஏற்றுக்கொள்கிறார். எங்கே வருகிறோம், எந்த வலையில் சிக்குகிறோம் என்று தெரியாமலே வந்திருப்பாய். சிக்கிவிட்டாய், இனி ஓடாதே. இந்தத் தூண்டிலைப் போட்டவர் இயேசு. அவர் பிடிப்பது உயிர் கொடுப்பதற்கு. இதுதான் அவர் பேச்சின் சாரம். தொடக்க காலத் திருச்சபை அருளைப் பற்றிப் பேசியவற்றுள் இதைவிட மனிதரை அறிந்த பேச்சு ஒன்றை நான் படித்ததில்லை. கேட்பவனின் உள்நோக்கம் சுத்தமாகும் வரை அருள் காத்திருக்கவில்லை.

அதற்காகச் சோதனை எதுவும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 381க்கும் 384க்கும் இடையே மேற்கிலிருந்து வந்து எருசலேமில் தங்கிய எஜீரியா என்ற பெண்மணி, தம் ஊர்ச் சகோதரிகளுக்கு எழுதிய பயண மடலில் அதைப் படம் பிடிக்கிறார். (மடலின் ஏடு ஒன்று, அதுவும் குறையாக, 1884இல் இத்தாலியின் அரெச்சோவில் கிடைத்தது.) தவக்காலத் தொடக்கத்தில் பேராலயத்தின் நடுவே ஆயரின் இருக்கையைப் போடுகிறார்கள். ஆண்கள் ஞானத்தகப்பனோடும் பெண்கள் ஞானத்தாயோடும் ஒவ்வொருவராக வருகிறார்கள். ஆயர் கேள்வி கேட்பது வந்தவரிடம் இல்லை, அக்கம்பக்கத்தாரிடம். பெற்றோரை மதிக்கிறானா? குடிகாரனா? பொய் பேசுபவனா? குற்றம் இல்லையென்றால் பெயரைத் தம் கையாலேயே எழுதிக்கொள்கிறார். இருந்தால், திருந்திய பின் வரலாம் என்று அனுப்பிவிடுகிறார். அறிந்தவர் இல்லாத அயலூர்க்காரர் பாடுதான் திண்டாட்டம். ஆயரின் பெயரை எஜீரியா சொல்லவில்லை. காலத்தை வைத்துப் பார்த்தால் முதிய சிரிலாகவே இருக்கவேண்டும்.

பிறகு நாள்தோறும் மூன்று மணி நேரப் போதனை. ஆயர் கிரேக்கத்தில் பேச, ஒரு குரு அதைச் சிரியாக் மொழியில் சொல்கிறார். இலத்தீன் மட்டும் அறிந்தவர்களுக்கு அம்மொழி தெரிந்த சகோதர சகோதரிகள் விளக்குகிறார்கள். பேயோட்டும் சடங்குக்குத் தம் முறை வரும்வரை ஆண்கள் தனியே, பெண்கள் தனியே அமர்ந்திருக்க வேண்டும். பெண்கள் செபிக்கும்போது உதடு அசையலாம், ஓசை வெளியே வரக்கூடாது என்று சிரில் ஒழுங்கு சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தாளில் எழுதவே கூடாது. நெஞ்சில் பதிக்க வேண்டும்.

பாஸ்கா இரவு வருகிறது. திருமுழுக்குக் கூடத்தின் வெளி அறையில் அவர்களை மேற்கு நோக்கி நிறுத்துகிறார்கள். மேற்கு இருள் குடியிருக்கும் திசை. கையை நீட்டி, சாத்தான் எதிரே நிற்பதுபோலவே அவனைப் பார்த்து, உன்னை விட்டேன் என்று சொல்லவேண்டும். சொன்னபின் உடல் திரும்புகிறது, ஒளியின் திசையான கிழக்குக்கு. அங்கே நம்பிக்கையை அறிக்கையிட வேண்டும். ஒன்றை யோசித்துப் பாருங்கள்: அது இரவு. கிழக்கும் அப்போது மேற்கைப் போலவே இருண்டுதான் கிடந்திருக்கும். விடியல் வருமுன்பே விடியும் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார்கள்.

உள்ளறையில் ஆடை களைந்து, உச்சந்தலையிலிருந்து எண்ணெய் பூசி, தொட்டிக்குள் மூன்று முறை முங்கி எழுந்தார்கள். நெற்றி, காது, மூக்கு, மார்பு என்று நறுமணத் தைலம். பிறகு நற்கருணை. இடக்கையை வலக்கைக்கு அரியணையாக்கி வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் என்ன பொருள் என்று அதுவரை யாரும் அவர்களுக்கு முழுமையாகச் சொல்லியிருக்கவில்லை. ஞானோபதேசக் குறிப்பிடம் ஒப்பித்துத் தேறிய பிறகே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய என்போன்றவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். விளக்கம் பாஸ்காவுக்கு அடுத்த வாரத்தில்தான், கல்லறையின் மேல் எழும்பிய அனஸ்தாசிஸ் வட்ட ஆலயத்தில். அந்த விளக்க உரைகள் சிரிலுடையவையா, அடுத்து வந்த ஆயர் யோவானுடையவையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. சடங்கு எருசலேமுடையது என்பதில் ஐயமில்லை. முன்பே சொல்ல ஆசைதான், ஆனால் காதால் கேட்பதைவிடக் கண்ணால் கண்டது நன்றாகப் பதியும் என்பதால் காத்திருந்தேன் என்று உரையாற்றுபவரே காரணம் சொல்கிறார். தண்ணீரை அவர்களுக்குக் கல்லறையும் தாயுமாக அவர் காட்டும்போது, அதிலிருந்து எழுந்துவந்த உடம்புகள் அவர் முன்னே உட்கார்ந்திருந்தன.

அந்த வாரத்தில் அனஸ்தாசிஸின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களும், கேட்க விரும்பும் பழைய விசுவாசிகளும் மட்டுமே உள்ளே. ஆயர் ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சொல்லச் சொல்ல அவர்கள் எழுப்பும் ஆரவாரம் ஆலயத்துக்கு வெளியே வெகுதூரம் கேட்டது என்று எஜீரியா எழுதுகிறார். திருமுழுக்குக்கு இன்னும் பெயர் கொடுக்காத புகுமுகத்தார் அப்போது வெளியேதான் நின்றிருப்பார்கள், அந்த ஆரவாரம் எதற்கென்று தெரியாமல்.