பிரித்துக் கட்டும் மரம்



1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'மிரர்' என்னும் சிறு பாய்மரப் படகு அறிமுகமாயிற்று. அளவாக அறுத்த ஒட்டுப்பலகைகளை வாங்கி, செம்புக் கம்பியால் தைத்து, பசையிட்டு வீட்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம். பலரும் அதை விரும்பி வாங்கினர். ஆனால் படகைத் தனித்தனிப் பகுதிகளாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது சேர்த்துக் கட்டும் முறை சோழமண்டலக் கரையில் அதனினும் மிகப் பழையது. அதுவே கட்டுமரம்.

எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குவர். ஆணி கிடையாது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் உலர்த்துவர். நீர் ஊறினால் மரம் கனத்து, மிதக்கும் ஆற்றல் குறையும் அல்லவா?

இதன் கடலோட்டத் திறன்தான் என்ன? சோழமண்டலக் கரையில் அலை உயர்ந்து உடையும். குழிந்த படகில் நீர் நிரம்பிவிடும். கட்டுமரத்திலோ குழிவு இல்லை; ஏறிய நீர் இடுக்குகள் வழியே ஓடிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. விடியலில் கரைக்காற்றைப் பிடித்து வெளியே செல்லும். பிற்பகலில் கடற்காற்றில் முக்கோணப் பாய் விரித்துத் திரும்பும்.

காற்று பக்கத்திலிருந்து வீசினால், ஆழமற்ற மரம் பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்க ஒரு பலகையைச் செங்குத்தாக நீரில் இறக்குவர். மிரர் படகின் நடுவே இறக்கும் பலகைக்கும் இதே வேலைதான். குறையும் உண்டு: ஏறியவர் நனையாமல் இருக்க முடியாது, மிகுந்த சரக்கும் ஏற்ற முடியாது.

ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பெயரோடு குறிப்பிட்டார். சென்னையில் துறைமுகம் அமையுமுன், வேறு படகு செல்ல இயலாத கொந்தளிப்பிலும் கட்டுமரக்காரர் தம் கூம்புத் தொப்பியில் கடிதங்களை வைத்துக் கப்பலுக்குக் கொண்டுசென்றனர்.

பாக்கார் ஆராங்கில் உள்ள நமக்கு மெர்போக் ஆறு தொலைவில் இல்லை. அதை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கைக் கடாரத்தோடு இணைத்துப் படிக்கிறோம். ஆகவே, "1025-இல் இராஜேந்திர சோழன் படை கட்டுமரத்திலா வந்தது?" என்று மாணவர் கேட்பதுண்டு. இல்லை. படையையும் உணவையும் சுமந்து பெருங்கடல் கடக்கப் பெரிய கப்பல்கள் வேண்டும். கட்டுமரம் கரையோர மீனவரின் கலம். அதற்கு அரச உடை போர்த்திப் பெருமை தேட வேண்டியதில்லை. எழுத்தறியாத மீனவர் அலையையும் காற்றையும் கணித்த அறிவே போதிய பெருமை.

இன்று 'கட்டமரான்' என்று உலகம் அழைப்பது இரட்டை உடல் கொண்ட கலத்தை. அவ்வமைப்புக்கு முன்னோடிகள் பசிபிக் தீவு மக்கள். பெயர் மட்டுமே தமிழ். தமிழகக் கரையில் 1980-களிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் மேலும் பெருகின. கட்டுமரம் கட்டும் கைகள் குறைந்து வருகின்றன. பெயர் நிலைத்து, அதன் பின்னுள்ள அறிவு மறைந்தால் நமக்கு என்ன பயன்?

ஆசிரியர்களே, மூன்று மென்மரக் குச்சிகளைக் கட்டிக் காகிதப் பாய் பொருத்துங்கள். அடியில் பலகை வைத்தும் வைக்காமலும், பக்கத்திலிருந்து விசிறியால் வீசி, நீர்த்தொட்டியில் மிதக்கவிடுங்கள். எது நழுவுகிறது, ஏன் நழுவுகிறது என்பதை மாணவரே கண்டு சொல்லட்டும். பாட்டன்மாரின் அறிவு பாடமாக நிற்பது அவ்வாறுதான்.