நுனி இடப்பக்கம்

வாழையின் இலை சுருண்டே பிறக்கிறது. மட்டைகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் தண்டின் நடுவே ஏறி, வெளிறிய பச்சைச் சுருளாக உச்சியில் நீட்டி நிற்கும். அதுதான் குருத்து. வெயில் பட்டதும் மெல்லப் பிரிந்து சில நாளில் முழு இலையாகிவிடும். தண்ணீரும் எருவும் குறையாத தோட்டத்தில் வாரம் பத்து நாளுக்கு ஒரு குருத்து வரும்.

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதலில் நம் முன்னால் வந்து படிவது அந்த இலை. சோறும் குழம்பும் அதன் பிறகுதான். ஆனால் சாப்பிட்டு வந்தவர்கள் சாம்பாரைப் பற்றிப் பேசுகிறோம், ரசத்தைப் பற்றிப் பேசுகிறோம். இலையைப் பற்றிப் பேசுவதில்லை. அது வந்த வழியை ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

கடலூருக்கு மேற்கே ராமாபுரம், வெள்ளக்கரை, ஒதியடிக்குப்பம் என்று கேப்பர் மலையை ஒட்டிய ஊர்களில் வாழை விளைகிறது. அங்கிருந்து தொடங்குவோம். இலைக்கென்று வைக்கும் வாழையில் பூவனுக்கு முதல் மதிப்பு. அதன் இலை மெல்லிசு. மடித்தால் சட்டென்று உடையாது. இலைக்கு எதிரி காற்று. பலத்த காற்றில் இலை நரம்போரமாகத் தானே கிழிந்து காற்றுக்கு வழிவிடும். அது மரம் சாயாமல் தப்பிக்கும் வழி. மரத்தைக் காப்பாற்றும் அந்தக் கிழிசலே இலையை விலைபோகாமல் செய்துவிடும். அதனால் தோட்டத்தைச் சுற்றி அகத்தியை நெருக்கமாக நட்டுக் காற்றைத் தடுப்பார்கள்.

அகத்தி தடுக்க முடியாத காற்றும் உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியபோது, இந்த வட்டாரத்தின் வாழையும் பலாவும் முந்திரியும் தரையோடு சாய்ந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையும் கரைபுரண்டது. நம் முன்னால் கிழியாமல் விரியும் ஒவ்வோர் இலைக்குப் பின்னாலும் காற்றோடு நடந்த ஒரு போராட்டம் இருக்கிறது.

இலையை வெயிலேறும் முன் அறுக்க வேண்டும். நீளக் கழியின் முனையில் கட்டிய அரிவாளால் மட்டையோரம் ஓர் இழுப்பு. விழும் இலையை மண்ணில் புரளவிடாமல் கையில் ஏந்திக்கொள்ள வேண்டும். நடுநரம்பு ஒரே வரிசையில் படிய அடுக்கி, நாரால் கட்டி, மேலே முற்றிய இலையைச் சுற்றிவிடுவார்கள். உள்ளே இருப்பது வாடாமலிருக்க வெளியே இருப்பது வெயிலை வாங்கிக்கொள்ளும்.

கட்டு வண்டியேறி வடக்கே புறப்படுகிறது. இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். ஆனால் இந்தச் சாலையில் எல்லை மாறிக்கொண்டே இருக்கும். தென்பெண்ணைப் பாலம் தாண்டி முள்ளோடைக்கு வந்தால் புதுச்சேரி. கன்னியக்கோயிலும் கிருமாம்பாக்கமும் கடந்து ரெட்டிச்சாவடிக்குப் போனால் மறுபடி தமிழ்நாடு. தவளக்குப்பத்தில் திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கிராமம் கிராமமாகப் பங்கு போட்டுக்கொண்டதன் தழும்பு இது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு வரும்வரை இந்தக் கோடுகள் இரண்டு அரசுகளின் எல்லைகள். சுங்கச் சாவடிகளும் சோதனைகளும் இருந்தன. இன்று வாழைக்கட்டு நிற்காமல் போகிறது.

அரியாங்குப்பத்தில் ஆற்றங்கரையை ஒட்டி அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புள்ள உணவுத் தட்டுகளின் ஓடுகள் கிடைத்தன. அதே மண்ணில் உருளிப் பூவேலை செய்த வட்டத் தட்டுகளின் ஓடுகளும் கிடைத்தன. யவனரின் தட்டு வரலாற்றில் இடம் பிடித்துவிட்டது. அதே கரையில் இலையில் சாப்பிட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய இலை எந்தக் குழியிலும் கிடைக்காது. மண் அதைத் தின்றுவிட்டது. இலையின் வரலாறு எழுதப்படாததற்கு இது ஒரு காரணம்.

தோண்டிக் கிடைக்காதது பாட்டில் கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் பாணருக்குத் தேக்கிலையில் சோறு குவித்துத் தருகிறார்கள். சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே மாதரியின் வீட்டில், கண்ணகி கோவலனுக்குச் சைவ உணவு சமைத்து, தரையில் நீர் தெளித்து, இளவாழையின் குருத்தை விரித்துப் பரிமாறுகிறாள். அவன் உண்ட கடைசிச் சாப்பாடு அது. இன்றும் ஓட்டலில் இலையை விரித்துத் தண்ணீர் தெளிக்கும்போது எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும்.

கட்டு வந்திறங்கும் இடம் பெரிய மார்க்கெட். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் பெயரைத் தாங்கியது. ஒரு பக்கம் நேரு வீதி, மறுபக்கம் ரங்கப்பிள்ளை வீதி. துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீதிதான் அது. இங்கே இலை பிரிக்கப்படுகிறது. நுனியோடு இருப்பது தலைவாழை, விருந்துக்கு. நடுவில் நறுக்கியது ஏடு. சின்னத் துண்டுகள் டிபனுக்கும் பார்சலுக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் இலை விலை இறங்கும். தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாளுக்கு முந்தின காலை ஏறிவிடும். ஓட்டலுக்கோ தினமும் இலை வேண்டும். முகூர்த்தத்தன்றும் அதே விலைக்குச் சாப்பாடு போட வேண்டும்.

ஓட்டலில் இலை இரண்டு வழியாகப் பிரிகிறது. மேசையில் நேராக விரிவது ஒன்று. வட்டமாக நறுக்கி எவர்சில்வர் தட்டுக்குள் போடுவது இன்னொன்று. மெனு கார்டில் ‘தாலி’ என்று குறிப்பது இந்தத் தட்டுச் சாப்பாட்டைத்தான். கழுத்தில் கட்டும் தாலியையே அறிந்த நம் காதுக்கு அந்த வடக்கத்திச் சொல் இன்னும் பழகவில்லை. வாய் ‘மீல்ஸ்’ என்றே கேட்கிறது. துருப்பிடிக்காத எஃகை 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி உருவாக்கினார். நம் வீடுகளில் அது எவர்சில்வராகி, ஈயம் பூச வேண்டிய பித்தளையைப் பரணுக்கு அனுப்பியது. ஆனால் அந்தத் தட்டாலும் இலையை அனுப்ப முடியவில்லை. எத்தனை பளபளத்தாலும் அதன் மேல் ஒரு வட்ட இலை இருந்தால்தான் நம் மனம் சமாதானமாகிறது.

அதற்குக் காரணம் எச்சில். தட்டில் நேற்று ஒருவர் சாப்பிட்டார், நாளை ஒருவர் சாப்பிடுவார். இலை ஒருவருக்கு மட்டும். இதற்கு முன் அதில் யாரும் சாப்பிட்டதில்லை, இனி யாரும் சாப்பிடப்போவதும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடமான ஓட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறில்லை.

இலை மட்டுமே மனிதர்களைச் சமமாக்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தோட்டத்து இலையை வைத்துக்கொண்டே சாதிக்கொரு பந்தி போட்ட சமூகம் நம்முடையது. ஓட்டல் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இன்று ஓட்டல் மேசையில் என் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த உரிமை போராடிப் பெற்றது.

இனி இலையின் உச்சி வேளை. நுனி இடப்பக்கம், அகலம் வலப்பக்கம். சோறு பிசையும் கைக்கு இடம் வேண்டுமே. மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், அப்பளம். கீழ்ப் பாதியில் சோறு. பருப்பும் நெய்யும், சாம்பார், காரக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். ரசத்துக்குச் சோற்றில் அணை கட்டத் தெரிய வேண்டும். சூடான சோறு விழுந்ததும் இலையின் மெழுகுப் பூச்சு இளகி ஒரு வாசனை எழும். அதை எந்தச் சமையல்காரரும் சேர்க்கவில்லை. தோட்டம் சேர்த்தது.

இலைக்குப் போட்டியாக நடுவில் சில காலம் அதைப் போலவே பச்சை அச்சிட்ட, பிளாஸ்டிக் பூசிய காகிதம் வந்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்தது. 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுகள் நாடு முழுக்கத் தடையாயின. அந்தக் காகிதம் இலையின் நிறத்தை எடுத்துக்கொண்டது; மண்ணாகிப் போகும் குணத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் எல்லாம் முடிகிறது. சில நாளாக விரிந்து, காற்றுக்குத் தப்பி, மூன்று முறை எல்லை தாண்டி வந்த இலை எச்சில் இலையாகிறது. ஓட்டலில் இலை போடுகிறவர் வேறு, இலை எடுக்கிறவர் வேறு. போடுகிறவர் முகம் நமக்கு நினைவிருக்கும். எடுக்கிறவர் முகத்தைப் பார்க்கும்முன் நாம் கை கழுவப் போயிருப்போம். நமக்கு ஒருமுறைகூடத் தொட மனம் வராத எச்சிலை அவர் நாளெல்லாம் தொடுகிறார்.

அதனால் முருங்கைச் சக்கையையும் கறிவேப்பிலையையும் மேசையில் வைக்காமல் இலைக்குள்ளேயே ஒதுக்குகிறேன். மோர் வழியாதபடி மேல் பாதியை என் பக்கம் மடக்குகிறேன். நல்ல வீட்டுச் சாப்பாட்டில் அப்படி மடக்குவதுதான் வழக்கம்; எதிர்ப்பக்கம் மடக்குவது துக்க வீட்டில். இலையை எடுக்க வருகிறவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அந்த ஒரு மடிப்பு. மடித்துவிட்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்து, முகம் பார்த்து எழுந்திருக்கிறேன்.